எந்த ஷிப்டும் பார்ப்பேன்

பேக்கரிக்காரர் பன்னை எடுத்துத் தாளில் சுற்றுவதற்குள் ராசு கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜின் பின்பக்கம் போய்விட்டார். புறங்கையைத் தகரத்தில் வைத்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க, செவத்தோட ஒட்டி வச்சிருக்கீங்க? பாவம், இது எங்கிட்டு மூச்சு விடும்?"

"கரண்டு போட்டா ஓடுதுல்லண்ணே," என்றார் பேக்கரிக்காரர்.

"ஓடும். ஒங்க மூஞ்சில தலையணைய வச்சு அமுக்குனாலும் கொஞ்ச நேரம் ஒதைக்கத்தான் செய்வீங்க."

சொல்லிவிட்டு அவரே பெட்டியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டார். பின்னால் படிந்திருந்த ஒட்டடையைத் தோள் துண்டால் துடைத்தார். துண்டை உதறிக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். பன்னை வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது மகள் சத்யாதான்.

ராசுவுக்கு ஐம்பத்தாறு வயது. கறம்பக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலம் அண்ணன் கைக்குப் போக, இவர் ஜெகதாப்பட்டினத்துக்கு ஐஸ் பார் தூக்க வந்தார். தூக்கிக்கொண்டிருந்தவர் கம்ப்ரசர் ரூமை எட்டிப் பார்த்தார். பிறகு அங்கிருந்து வெளியே வரவே இல்லை. துறைமுகத்து ஐஸ் கம்பெனிகளில் மெஷின் ஓட்டியே வீடு கட்டினார், மகளைப் படிக்க வைத்தார். அமோனியாவில் மூக்கு செத்துவிட்டது. சாம்பார் அடிப்பிடித்தால் தெரியாது. மல்லிகைப்பூ வாசம் தெரியாது. இரண்டு தெரு தள்ளி கேஸ் கசிந்தால் மட்டும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் மெதுவாகப் பேச வராது. அந்த வீட்டில் ரகசியம் என்று எதுவும் இருந்ததில்லை. அவர் காதோடு சொல்வது தெருமுனைவரை கேட்கும்.

மாசி மாதம் அவர் மனைவி அழகம்மாள் இறந்தபோது மணமேல்குடியிலிருந்து வாடகைக்கு ஃப்ரீசர் பெட்டி வந்தது. ஊர் கூடி அழுதுகொண்டிருந்தது. ராசு பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "கேஸ் கம்மியா இருக்கு," என்றார். கொண்டுவந்த ஆளைக் கூப்பிட்டு வேறு பெட்டி எடுத்துவரச் சொன்னார். மாற்றுப் பெட்டி வந்து, கண்ணாடியில் குளிர் படரும்வரை அதன் தலைமாட்டிலேயே நின்றார். பிறகுதான் உட்கார்ந்தார். "பொண்டாட்டி செத்துக் கெடக்கா, இந்த மனுசன் மெக்கானிக் வேலை பாக்குறாரு," என்று யாரோ சொன்னது சத்யாவின் காதில் விழுந்தது. அவளும் இஞ்சினியர். அவர் பார்த்தது என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய ஒன்றரை வருடம் அவர் வேலைக்குப் போகவில்லை. அழகம்மாளுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் புதுக்கோட்டை. மற்ற நாள் படுக்கைக்குப் பக்கத்தில். அதற்குள் அவர் வேலை பார்த்த இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டார். இப்போது பகலில் வீட்டுக்குள் நிற்கமாட்டார். மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. ஐஸ் கம்பெனிகள் மூச்சுப் பேச்சில்லாமல் இருந்தன. ராசு ஒவ்வொரு கம்பெனி வாசலாகப் போய், ஓடாத மெஷினின் சத்தத்தைக் கேட்பவர்போலச் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார்.

"எங்கூட ஓசூர் வந்துருங்கப்பா," என்றாள் சத்யா. அங்கே ஒரு தொழிற்சாலையில் கருவிப் பொறியாளர் அவள். விடுப்பு முடிந்தும் போகாமல், லேப்டாப்பை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க வந்து என்னத்தப் பண்ண? ஒன் ஃபிரிட்ஜத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா?"

"இங்க மட்டும் என்ன பண்றீங்க?"

 கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். தடைக்காலம் முடிவதற்குள் வேலை கிடைத்தால் இங்கே. இல்லாவிட்டால் மறுபேச்சு பேசாமல் ஓசூர். அவர் கையை நீட்டினார். அவள் அடித்துக் கொடுத்தாள்.

அந்த வாரமே இன்னாசி ஒரு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இன்னாசி துறைமுகத்தில் டிராக்டர் ஓட்டுபவர், ராசுவுக்குப் பழைய கூட்டாளி. புதிதாகக் கட்டியிருக்கும் ஐஸ் கம்பெனிக்கு ஆபரேட்டர் தேவை. அமோனியா அனுபவம் அவசியம். வயது ஐம்பதுக்குள். பயோடேட்டாவோடு கவரிங் லெட்டர் ஒன்றும் மெயிலில் அனுப்ப வேண்டும். தமிழிலும் எழுதலாம்.

"பயோடேட்டா தெரியும். அது என்ன கவரிங் லெட்டரு?" என்றார் ராசு.

"அம்மா எழுதுவாங்கல்ல, அதுதான்."

ராசு தலையை ஆட்டினார்.

அவருடைய விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் எழுதியது அழகம்மாள். பத்தாவது படித்தவள். கோடு போட்ட தாள், நீல மை, மேலே பிள்ளையார் சுழி. ஆனால் அவள் உடனே எழுத உட்கார்ந்துவிடமாட்டாள். எந்தக் கம்பெனிக்கு எழுத வேண்டுமோ அந்தக் கம்பெனிப் பக்கம் மீன் வாங்கப் போவாள். லோடு ஏற்றும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பாள். அங்கே மெஷின் அடிக்கடி நிற்கிறதா, பழைய ஆபரேட்டர் ஏன் போனார், முதலாளிக்கு எதில் எரிச்சல், எல்லாம் மீனோடு சேர்ந்து பையில் வரும். "அவுகளுக்கு என்ன தலைவலின்னு தெரியாம நம்ம என்னத்தைய எழுதுறது?" என்பாள். பிறகு ராசு சொல்லச் சொல்ல எழுதுவாள். ராசுவுக்கு உட்கார்ந்துகொண்டு சொல்ல வராது. மோட்டாருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டோ சைக்கிள் செயினைக் கழுவிக்கொண்டோதான் வார்த்தை வரும். வேலையில் கை வைக்குமுன் சட்டையைக் கழற்றித் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டுவார், அவள் வாங்கிக்கொள்வாள். அவர் பத்து சொன்னால் அவள் மூன்று எழுதுவாள். "நான் சொன்னதுல பாதியக் காணமே," என்பார் அவர். "அது பீத்தல். மிச்சந்தான் வேலை," என்பாள் அவள்.

கடைசி வரி மட்டும் எப்போதும் அவளுடையது: இரவு ஷிப்டு தவிர எந்த வேலை நேரமும் சம்மதம். ஏன் என்று ஒரு முதலாளி கேட்டாராம். வீட்டில் வந்து ராசு கேட்டார். "நீங்க இல்லாம எனக்குத் தூக்கம் வராது. அத எப்புடி எழுதுறது? வேணாம்னு மட்டும் எழுதிருவோம்," என்றாள். முடித்ததும் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மடித்து, அவர் சட்டைப் பையில் அவளே வைப்பாள்.

சத்யாவின் கம்பெனியில் ஆள் எடுக்கும்போது வரும் கடிதங்களை முதலில் படிப்பது அவள்தான். கடின உழைப்பாளி, நேர்மையானவன், எதையும் விரைவில் கற்பவன். பேரை மாற்றினால் ஒருவர் கடிதம் இன்னொருவருக்குப் பொருந்தும். அவற்றைத் தள்ளி வைக்க அவளுக்கு அரை நிமிடம் போதும். அப்படி ஒன்றை அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தால் ஓசூர் உறுதி என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அங்கே அவருக்கு ஒரு அறைகூட ஒழித்து வைத்திருந்தாள். ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தாள்.

லேப்டாப்பைத் திறந்தாள். "அங்க என்ன கோளாறுன்னு மொதல்ல விசாரிச்சுட்டு வாங்க," என்றாள்.

ராசு அவளை ஒரு கணம் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு இன்னாசியைத் தேடிப் போனார். மத்தியானம் திரும்பியபோது குரல் தெருமுனையிலேயே கேட்டது.

"ட்ரையல் ஓட்டுறாங்களாம் பாப்பா! ஐஸ் பாரு நடுவுல ஒறைய மாட்டேங்குதாம்! வெளிய கல்லு, உள்ள தண்ணி! இன்னாசி பாத்திருக்கான்!"

கொல்லையில் போர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். சத்யா துணி துவைக்கும் கல்லில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள்.

"எழுது. ஒங்க கம்பெனில ஐஸ் ஒறையல. காயிலுக்குள்ள எண்ணெ போயி அடைச்சிருக்கும், இல்லாட்டி குளுர வைக்கிற உப்புத்தண்ணித் தொட்டில உப்பு பத்தாது. இதுகூடத் தெரியாம எந்தக் கூமுட்டை மெஷினப் பூட்டுனான்?"

"கூமுட்டைய எடுத்துர்றேன்."

"ஏன், நல்லாத்தான இருக்கு?"

"பூட்டுனது அவங்க மச்சானா இருந்தா?"

ராசு யோசித்தார். "இருக்கும். எடுத்துரு."

அவள் தட்டச்சு செய்து படித்துக் காட்டினாள். புதிய கம்பெனியின் முதல் ஓட்டத்தில் ஐஸ் பார் நடுவில் உறையாமல் நிற்பது வழக்கமாக வரும் சிக்கல். இதற்கு முன் வேலை பார்த்த இரண்டு இடங்களில் இதைச் சரிசெய்திருக்கிறேன். தடைக்காலம் என்று ஒன்று வந்த நாளிலிருந்து, வேலையில் இருந்த ஒவ்வொரு தடைக்காலத்திலும் கம்ப்ரசரை முழுதாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன்.

"ஒங்கம்மா மாதிரியே கத்திரி போடுற," என்றார்.

"வயசு போடணும்ப்பா."

"கடைசில, பேருக்குக் கீழ போடு. படிச்சு முடிச்சப்பறம் தெரியட்டும்."

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு மீனம்மாளின் குரல் வந்தது. "ஏண்ணே, நாப்பத்தஞ்சுன்னு போடச் சொல்லுங்க. தலைக்கு மை அடிச்சுக்கிட்டாப் போச்சு!"

"மையி தலைக்கு அடிக்கலாம், மீனம்மா. முழங்காலுக்கு எங்கிட்டு அடிக்க?"

மீனம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சத்யாவும் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

"ஒன்றரை வருசம் என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்கப்பா," என்றாள்.

"கேக்கட்டும்."

"கேக்குறதுக்கு முன்னாடி நம்மளே எழுதிரணும். ஒரே வரி போதும்." அவள் அடித்தாள். இப்படிப்பட்ட கடிதங்களில் வழக்கமாக வரும் வரிதான். படித்தாள். "மனைவியின் உடல்நலக் குறைவு காரணமாகக் கடந்த ஒன்றரை ஆண்டுகள் வேலைக்குச் செல்லவில்லை. தற்போது அந்தப் பொறுப்பு இல்லை."

ராசுவின் கையில் ஸ்பேனர் நின்றது.

"எடு அத."

"எதப்பா?"

"ரெண்டாவத." ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "மொதலதயும் எடு. அவ சீக்க வச்சா நான் வேலை கேக்கணும்?"

"உண்மைதானப்பா."

"உண்மைதான். ஆனா படிக்கிறவன் ஐயோ பாவம்னு வேலை குடுத்துருவான். ரெண்டு மாசத்துல அவனுக்கு ஐயோ பாவம் தீந்துரும். அப்பறம் என்னத்த வச்சு நான் அங்க நிக்கிறது?"

சத்யா அழித்தாள். கர்சர் வெற்று இடத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது.

"அந்த டயாலிசிஸ் மிசினுக்குப் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன்," என்றார் ராசு. மோட்டாரைப் பார்த்துத்தான் பேசினார். "பிரஷரு ஏறுனா அது கத்துறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிரும். நர்சுப் பிள்ளைய நான் கூப்புடுவேன். ஒங்கம்மா சிரிப்பா. 'இத ஓட்டுறதுக்கும் ஒரு லெட்டரு எழுதிக் குடுக்கவா'ன்னு கேப்பா."

"அதப் போடலாமாப்பா?"

"வேணாம். அது அவளுக்கும் எனக்கும். வீட்டு வேலையா இருந்தேன்னு போடு. முடிஞ்சிருச்சுன்னெல்லாம் போடாத."

அவள் போட்டாள். கடைசி வரி மட்டும் பாக்கி இருந்தது. அங்கே என்ன வரும் என்று இருவருக்குமே தெரியும். எத்தனையோ தாள்களில் ஒரே நீல மையில் வந்த வரி. சத்யா விரலை எழுத்துகளின் மேல் வைத்தபடி இருந்தாள். ராசு கிரீஸைத் தோண்டி எடுத்தார். பேரிங்கில் அப்பினார். வழிந்ததை விரலால் சுற்றி வழித்தார்.

"எந்த ஷிப்டும் பாப்பேன்னு போடு," என்றார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மீனம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

அன்று சாயங்காலமே மெயில் போய்விட்டது. "அம்புட்டுத்தானா?" என்று கேட்டார் ராசு. "அம்புட்டுத்தான்," என்றாள் சத்யா. அவருக்குத் திருப்தி இல்லை. ஒரு கடிதம் வீட்டை விட்டுப் போனது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

மறுநாள் ஓசூர் ஆபீஸோடு பேச வேண்டியதைப் பேசிவிட்டுச் சத்யா அறையிலிருந்து வெளியே வந்தபோது, அடுப்படித் தரையில் டப்பாக்கள் எல்லாம் மூடி திறந்து கிடந்தன. அழகம்மாளின் டப்பாக்களில் வெளியே எழுதியிருப்பது உள்ளே இருக்காது. காபித்தூள் டப்பாவில் கடுகு இருக்கும். சத்துமாவு டப்பாவில் வத்தல் இருக்கும். அவள் போன பிறகு யாரும் அவற்றை இடம் மாற்றவில்லை. நடுவில் ராசு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தாள். கம்ப்யூட்டர் சென்டரில் போய் அந்தக் கடிதத்தை பிரிண்ட் எடுத்து வந்திருக்கிறார். மேலே பேனாவால் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார். நான்கு மூலையிலும் மஞ்சள்.

"மஞ்சப்பொடிய பிஸ்கட் டப்பால வச்சிருந்திருக்கா பாரு," என்றார், ஏதோ கண்டுபிடித்தவர்போல.

"சரி, சாமிகிட்ட வைங்கப்பா."

"ஃபோட்டோ புடிச்சு வெளம்பரத்துல இருந்த நம்பருக்கு அனுப்பிட்டேன்."

சத்யா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். படம் போய்விட்டிருந்தது. மஞ்சள் மூலைகள், பிள்ளையார் சுழி, ஓரத்தில் தாளை அழுத்தும் மஞ்சள் கட்டைவிரல். பார்த்துவிட்டார்கள் என்பதற்கு இரண்டு நீல டிக்கும் விழுந்துவிட்டன.

"என்னப்பா நீங்க! கம்பெனிக்கு அனுப்புறத இப்புடியா அனுப்புவாங்க? சின்னப்பிள்ள வெளாட்டுன்னு நெனச்சுருவாங்கப்பா."

"மஞ்ச வைக்காமப் போன லெட்டரு நம்ம வீட்டுல கெடயாது."

"குங்குமத்தையும் வச்சு வெத்தல பாக்கோட அனுப்பிருக்கலாம்லண்ணே," என்றது மதில்.

பதில் வரவில்லை. வாரம் ஒன்று போனது. படகுகளுக்கு வண்ணம் அடித்து முடித்தார்கள். வலைகள் ஏறின. மற்ற ஐஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மெஷினைத் தட்டி எழுப்பின. ராத்திரியும் பகலும் அந்தச் சத்தம் தெருவுக்கு வந்தது. ராசு கதவை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார். சத்யா ஓசூருக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள். அவரிடம் சொன்னாள். "சரி," என்றார். பையை எடுத்து வைத்தார். அவர் முதலில் உள்ளே வைத்தது ஸ்பேனர் செட். அதற்கு மேல் அழகம்மாளின் படம், ஒரு வேட்டியில் சுற்றி. சத்யா பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஜெயித்த மாதிரி இல்லை அவளுக்கு.

போன் வந்தது ஓசூருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் காலையில். "அந்த மஞ்ச லெட்டரு அனுப்புன ஆளா பேசுறது? வந்துட்டுப் போக முடியுமா?"

முதலாளி சந்தோஷ்குமாருக்கு முப்பது சொச்சம் வயது இருக்கும். துபாயில் கணக்கு வேலை பார்த்துவிட்டுச் சேர்த்த காசை ஐஸில் போட்டவர். தூக்கம் கெட்ட கண்கள். புதுச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும் அலுவலக அறையில் அப்பாவையும் மகளையும் உட்கார வைத்தார்.

"மெயில்ல பாதிய நான் தெறக்கவே இல்லங்கய்யா. எல்லாம் ஒரே மாதிரி கெடக்கு. ஒங்களுது ஏதோ கல்யாணப் பத்திரிகைன்னு தெறந்துட்டேன். சொந்தக்காரங்க பத்திரிகை, பாக்காம விட்டா வம்பாப் போயிரும்ல." தலையைச் சொறிந்தார். "பாத்தா, எங்க கதைய எழுதி வச்சிருக்கீங்க. நடுவுல தண்ணிதான் நிக்குது. என் மச்சான்தான் மெஷினப் பூட்டுனாப்ல. இருங்க, சரியாயிரும்னே சொல்லிக்கிட்டு இருந்தாப்ல. நானும் ஒரு வாரம் இருந்து பாத்துட்டேன்."

ராசு ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். சத்யா கூரையைப் பார்த்தாள்.

"வயசு அம்பதுக்குள்ளன்னு போட்டிருந்தோம்."

"அதான் அதக் கடைசியா எழுதுனோம்."

சந்தோஷ்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனில் அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். "எந்த ஷிப்டும்னு எழுதிருக்கீங்க. நெசந்தானா? ராத்திரி ஓட்ட யாருமே ஒத்துக்க மாட்டேங்குறாங்க. ஒங்க வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

சத்யா அப்பாவைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்தாள். வெளியே டிராக்டர் ஒன்று ஐஸ் அரவை இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை ராசு பொறுத்தார்.

"சொல்ல மாட்டாங்க தம்பி," என்றார். பக்கத்தில் இருந்த சத்யாவுக்கே சரியாகக் கேட்காத குரல்.

"அப்ப எப்ப வாரீங்க?"

"வந்துதான இருக்கேன். மிசினு எங்கிட்டு இருக்கு?"

சந்தோஷ்குமார் வழிகாட்டிக்கொண்டு முன்னால் போனார். உப்புத் தண்ணீர்த் தொட்டியின் மரப்பலகைகள் மேலே ராசு வெறுங்காலோடு நடந்தார். சத்யா நாலு எட்டு பின்னால் வந்தாள். இரண்டு டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கம்ப்ரசர் ரூம் வாசலில் அவர் நின்றார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை உருவி, ஒரு உதறு உதறி, நீளவாக்கில் மடித்தார். கண் மெஷினின் மேலேயே இருந்தது. திரும்பிப் பார்க்காமல், எப்போதும் பின்னால் நிற்கும் ஒருத்தியிடம் கொடுப்பவர்போல, சட்டையைப் பின்பக்கமாக நீட்டினார். யாரும் வாங்கவில்லை. கையை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.